சல்லடையில் சிக்கிய கறுப்புத் துகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. மாத்திரை எண்ணிப் போட்டுக் கொடுக்கும் சின்னக் குப்பி. உள்ளே ஒன்றரை டீஸ்பூன் கறுப்புத் துகள், எண்ணெய்ப் பிசுக்கோடு. மேலே என் கையெழுத்தில் லேபிள்: தேதி, என் காரின் சேசிஸ் நம்பரின் கடைசி 6 இலக்கம், 74,310 கி.மீ. 22 வருடமாக மருந்தாளுநராக இருப்பவளுக்கு லேபிள் ஒட்டாமல் எதையும் எடுத்து வைக்கக் கை வராது. அந்தப் பழக்கம்தான் கடந்த 14 மாதமாக எங்களுக்குத் துணை நிற்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். ஓர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன், மிதி கீழே போகவில்லை. கல்லை மிதித்த மாதிரி இருந்தது. இரண்டு காலையும் சேர்த்து ஊன்றினேன், கைப்பிரேக்கையும் இழுத்தேன். முன்னால் போன வேனுக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. நின்ற பிறகுதான் கவனித்தேன், எண்ணெய்க் குவளை போட்ட அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா எதுவும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுபடி சாவியைத் திருப்பினால் இன்ஜினுக்குள் இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம்.

வண்டிக்கு அப்போது 6 வயது. வாரண்டி முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சர்வீஸ் சென்டரில் முதல் கேள்வியே இதுதான்:

“மேடம், என்ன ஆயில் ஊத்துனீங்க?”

“எல்லா சர்வீஸும் இங்கேதான் சார். நீங்க ஊத்தின ஆயில்தான்.”

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். 6 சர்வீஸும் அங்கேயே பதிவாகி இருந்தன. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த காரணம் வந்தது. “நீங்க ரொம்பக் கம்மி தூரம் ஓட்டுறீங்க மேடம். வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டினா இந்த இன்ஜினுக்கு ஆகாது. நல்லா சூடாகி ஓடணும்.” இன்ஜினையே மாற்ற வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை என்னுடைய 5 மாதச் சம்பளம்.

அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, காரணம் பணம் மட்டும் அல்ல. என் தொழிலில் ஒரு மருந்தின் குறிப்பிட்ட பேட்ச்சில் கோளாறு என்று தெரிந்தால் கம்பெனியிடமிருந்து தகவல் வரும். பேட்ச் நம்பரைப் பார்த்து அன்றைக்கே அலமாரியிலிருந்து இறக்கித் தனியாகக் கட்டி வைப்போம். விற்ற பில்லைத் தேடி, வாங்கினவர்களுக்கு போன் போட்டிருக்கிறேன். அவர்களிடம் “நீங்க சாப்பாட்டுக்கு முன்னால சாப்பிட்டீங்களா, பின்னால சாப்பிட்டீங்களா” என்று கேட்டு, கோளாறை அவர்கள் தலையில் கட்ட எனக்குத் தோன்றியதே இல்லை. காரில் மட்டும் ஏன் முதல் விசாரணை வாங்கினவரிடமே நடக்கிறது?

வண்டியை அங்கிருந்து கட்டி இழுத்து, எங்களுக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக் அண்ணனின் பட்டறைக்குக் கொண்டு போனேன். கழற்றும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் சட்டியை, அதாவது ஆயில் சேம்பரைக் கழற்றினார். உள்ளே எண்ணெய் சரியான அளவில், நிறைய இருந்தது. பிறகு எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயில் இருக்கும் சல்லடையைத் திருப்பிக் காட்டினார். ஒரு கண் கூடத் திறந்திருக்கவில்லை. கறுப்பு ரப்பர்த் துணுக்கும் நார்ப் பிசிறும் அப்பிக் கிடந்தன.

“பாருங்கம்மா. சட்டி நிறைய எண்ணெய் இருக்கு, இது தாகத்துல செத்திருக்கு.”

இது எப்படி நடக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இதே வகை இன்ஜின் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். பிஸ்டன்களும் வால்வுகளும் ஒன்றுக்கொன்று மோதாமல் நேரம் தவறாமல் அசைய, பிஸ்டன்களோடு சுழலும் கிராங்கையும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் இணைக்க ஒரு சங்கிலியோ பெல்ட்டோ வேண்டும். பல்லாண்டுகளாக ரப்பர் டைமிங் பெல்ட் என்றால் இன்ஜினுக்கு வெளியே, மூடிக்குள், எண்ணெய் படாமல்தான் ஓடும். எண்ணெய் பட்டால் பெல்ட்டை மாற்று என்பது மெக்கானிக்குகளின் பாலபாடம். சில இன்ஜின்களில் அந்தப் பெல்ட்டை எண்ணெய்க்கு உள்ளேயே ஓட விட்டார்கள். உராய்வு குறையும், சத்தம் குறையும், கொஞ்சம் எரிபொருள் மிச்சமாகும் என்பது கணக்கு. அந்த நோக்கத்தில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் இன்ஜின் எண்ணெய் கடைசி வரை தூய எண்ணெயாக இருப்பதில்லை. இன்ஜின் சூடாகும் முன்பே நிறுத்தப்படும் குறுகிய ஓட்டங்களில், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாகக் கசிந்து எண்ணெயில் கலக்கிறது. அது ரப்பரை ஊற வைக்கிறது. பெல்ட் உப்பி அகலமாகிறது, ஓரம் பிசிறுகிறது, மேல்தோல் உதிர்கிறது. உதிர்ந்தது சேம்பரில் இறங்கி, பம்ப் உறிஞ்சும்போது சல்லடையில் போய் ஒட்டுகிறது. நாம் ஒவ்வொரு சர்வீஸிலும் மாற்றுகிற ஆயில் ஃபில்டர் பம்புக்கு அடுத்துதான் வருகிறது. சல்லடை பம்புக்கு முன்னால், சேம்பருக்குள் இருக்கிறது. எத்தனை முறை ஆயில் மாற்றினாலும் அது யார் கண்ணிலும் படாது. குச்சியை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் அளவு சரியாகவே காட்டும்.

பிரேக் கல்லானதும் இதே துகளால்தான். மிதியை இலகுவாக்கும் வெற்றிட பம்புக்கும் இதே எண்ணெய் போகிறது. அதன் வழி அடைத்தால் பிரேக்கின் உதவி சக்தி குறைந்துவிடும். ஆகவே யாராவது இதை “வெறும் இன்ஜின் செலவு” என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த இறக்கத்தில் என் பக்கத்தில் என் அம்மா இருந்தார்.

துகளைச் சுரண்டிக் குப்பியில் போட்டது அப்போதுதான். சல்லடையையும் பெல்ட்டையும் உறையில் போட்டு லேபிள் ஒட்டினேன். தயவுசெய்து நீங்களும் இதைச் செய்யுங்கள். கழற்றின பாகத்தைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள், அது போய்விட்டால் மிஞ்சுவது உங்கள் வாய்வார்த்தை மட்டும்தான். வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் எழுதும் ஜாப் கார்டில் உங்கள் புகாரை “இன்ஜின் சத்தம்” என்று சுருக்கி எழுத விடாதீர்கள். பிரேக் மிதி இறுகியது, எண்ணெய் விளக்கு எரிந்தது என்று நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

என் வண்டி நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

மறுபடி சர்வீஸ் சென்டருக்குக் கடிதம் கொடுக்கப் போனபோது, காத்திருக்கும் இடத்தில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். அதே கார், அதே நிறம். இன்ஜின் ஏற்கெனவே போய், சொந்தச் செலவில் மாற்றியிருந்தார். 31 வருடம் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் புதிதாக மாட்டிய பெல்ட்டின் அட்டைப் பெட்டி இருந்தது, என்னிடம் பழைய பெல்ட். இரண்டு நம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எண்கள் எல்லாம் ஒன்றே, கடைசி எழுத்து மட்டும் வேறு. என்னுடையதில் ஏ, அவருடையதில் சி.

“அம்மா, டிராயிங்ல ஒரு எழுத்து மாறுதுன்னா, யாரோ உட்கார்ந்து யோசிச்சு, காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டு மாத்தியிருக்காங்க. இங்க ரெண்டு தடவை மாத்தியிருக்காங்க. அந்தக் காரணத்தை எழுதின தாள் அவங்ககிட்ட இருக்கும். அதைத்தான் நாம கேட்கணும்.”

அதன் பிறகு எங்கள் வேலை தெளிவாகிவிட்டது. ஒருவர் மூலம் ஒருவராக இன்று 41 பேர் இருக்கிறோம். நான் ஓர் அட்டவணை போட்டேன்: 17 இலக்க சேசிஸ் நம்பர், தயாரான மாதம், ஓடிய தூரம், ஒவ்வொரு ஆயில் பில், பெல்ட்டின் கடைசி எழுத்து, என்ன நடந்தது. 41-ல் 36 வண்டி பழைய பெல்ட். அதில் 19 பேருக்கு எண்ணெய் விளக்கு எரிந்திருக்கிறது, 7 பேருக்கு பிரேக் இறுகியிருக்கிறது. ஆயில் பில் முழுவதையும் வைத்திருப்பவர்கள் 28 பேர். இன்னொன்றும் தெரிந்தது. என்னுடைய உரிமையாளர் கையேட்டில் பெல்ட்டை 10 வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று இருக்கிறது. பின்னாளில் அதே மாடல் வாங்கினவரின் கையேட்டில் அது 5 வருடம். பழைய கையேடு வைத்திருக்கும் எங்களில் ஒருவருக்குக் கூடக் கடிதமோ போனோ வரவில்லை.

எனக்கு உண்மையில் வலிப்பது இதுதான். பாகம் கெட்டுப்போகலாம், நல்ல பொறியாளர் வரைந்ததும் கெடும். கையேட்டை மாற்றிய நாளில் அவர்களுக்கு விஷயம் தெரியும். என் முகவரியும் போன் நம்பரும் அவர்களிடம் இருந்தன. ஒவ்வொரு வருடமும் பிறந்த நாள் வாழ்த்துக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். “பெல்ட்டைப் பாருங்கள்” என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் நான் அந்த இறக்கத்துக்கு அப்படிப் போயிருக்க மாட்டேன்.

பாக நம்பர் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஐயா ஒரு சம்பவத்தைச் சொன்னார். பிறகு நானே தேடிப் படித்தேன். அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் சுவிட்ச் (சாவியைப் போட்டுத் திருப்பும் இடம்) விவகாரம். சில சிறிய கார்களில் சாவி ஓட்டத்திலேயே தானாகப் பின்னால் திரும்பிவிடும். இன்ஜின் அணையும், மோதினால் ஏர்பேக்கும் விரியாது. 2006-ல் அந்த சுவிட்ச்சின் உட்பாகத்தை மாற்ற ஒரு பொறியாளர் ஒப்புதல் கொடுத்தார், ஆனால் பாக நம்பர் மாற்றப்படவில்லை. பழையதும் புதியதும் ஒரே நம்பரில் புழங்கியதால், பிந்தைய வருட வண்டிகளில் ஏன் இந்தக் கோளாறு வரவில்லை என்று நிறுவனத்தின் விசாரணையாளர்களே குழம்பினார்கள். மகளை இழந்த ஒரு குடும்பத்தின் வழக்கறிஞர் அமர்த்திய பொறியாளர்தான் பழைய சுவிட்ச்சையும் புதியதையும் பிரித்து வைத்து, இரண்டும் வேறு என்று காட்டினார். 2014-ல்தான் வண்டிகளைத் திரும்ப அழைக்கும் ரீகால் வந்தது, சுமார் 26 லட்சம் கார்கள். இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. மாத்திரையின் உள்ளடக்கத்தை மாற்றிவிட்டுப் பழைய பேட்ச் நம்பரிலேயே விற்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன், உடம்பு நடுங்கியது. எங்கள் விஷயத்தில் எழுத்தையாவது மாற்றியிருக்கிறார்கள். அந்த ஓர் எழுத்துதான் எங்கள் பிடி.

மூன்றாவது மாதம் நிறுவனத்திலிருந்து என்னைத் தனியாக அழைத்தார்கள். மரியாதையாகப் பேசினார்கள், தேநீர் வந்தது. “குட்வில்” அடிப்படையில் செலவில் 70 சதவீதம் ஏற்பதாகச் சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள். மூன்று முறை படித்தேன். இது நிறுவனத்தின் நல்லெண்ணம் மட்டுமே, தயாரிப்பில் குறை இருப்பதாக ஆகாது. நான் இதை வெளியே சொல்லக் கூடாது. இனி எந்தக் கோரிக்கையும் எழுப்பக் கூடாது. எனக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. அப்போது கடைக்கு இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தேன். ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. சத்தம் போடுகிறவருக்கு மட்டும் ரகசியமாகக் கிடைக்கும் சலுகையால், புகார் செய்யத் தெரியாத அடுத்தவரின் பிரேக் சரியாகாது. எங்களில் 4 பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒருவருக்கு வாடகைக்கு ஓட்டும் வண்டி, அதுதான் சோறு.

“உங்க ஓட்டும் முறைதான் காரணம்” என்ற பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் என்ற தானியங்கி கியர்பாக்ஸ் நடுங்குகிறது, திடீரென இழுவை குறைகிறது என்று புகார் வந்தபோது, பலரிடம் அவர்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்று சொல்லப்பட்டது. கியர்பாக்ஸில் கோளாறு இருப்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தும் அப்படிச் சொன்னார்கள். அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம், புகார்களைக் கையாண்ட விதம் மனசாட்சிக்குப் புறம்பானது என்று 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அபராதம், கியர்பாக்ஸ் கெட்டதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். வாடிக்கையாளரிடம் பேசிய பேச்சுக்கு. அந்தத் தீர்ப்பின் செய்தியை அச்சிட்டு எங்கள் கோப்பின் முதல் தாளாக வைத்திருக்கிறேன்.

எண்ணெயில் ஓடும் பெல்ட் விஷயத்திலும் நாங்கள் முதல் ஆட்கள் இல்லை. ஐரோப்பாவில் பியூஜோ, சிட்ரோன் போன்ற கார்களில் வரும் ப்யூர்டெக் இன்ஜினின் உரிமையாளர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். அந்த இன்ஜினில் எண்ணெய் ஊற்றும் வாய் வழியாகவே பெல்ட்டின் அகலத்தை அளக்க ஒரு சிறு அளவுகோல் உண்டு. பெல்ட் உப்பிவிட்டால் அதற்குள் நுழையாது. அந்தக் கார்களைத் தயாரிக்கும் ஸ்டெல்லாண்டிஸ் 2024-ல் 10 வருடம் அல்லது 1,75,000 கி.மீ. வரை பொறுப்பை நீட்டித்தது. ஏற்கெனவே சொந்தக் காசு செலவழித்தவர்கள் திரும்பக் கேட்க 2025 ஜனவரியில் வழி திறந்தது. அமெரிக்காவில் ஃபோர்டு 2023 டிசம்பரில் 1 லிட்டர் இன்ஜின் கொண்ட 1,39,730 கார்களை, ஆயில் பம்ப்பை ஓட்டும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. எண்ணெய் அழுத்தம் போனால் பிரேக் உதவியும் போகலாம் என்று அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. எங்கள் புகார் இந்த நிறுவனங்கள் மேல் இல்லை. ஆனால் இவற்றை வைத்துத்தான், “இப்படி எங்கேயும் கேள்விப்பட்டதில்லை” என்று சொன்ன அதிகாரிக்குப் பதில் எழுதினேன்.

அமெரிக்காவில் இன்னொரு ஏற்பாடும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு கோளாறைப் பற்றி நிறுவனம் தன் டீலர்களுக்கு அனுப்பும் தொழில்நுட்பக் குறிப்புகளின் நகலை நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் கொடுத்தாக வேண்டும், பொதுமக்கள் அதைப் படிக்கலாம். சர்வீஸ் அட்வைசருக்குத் தெரிந்தது வண்டிக்காரருக்கும் தெரிகிறது. நாங்களும் இதையே கேட்கிறோம். ஒழுங்குமுறை அலுவலகத்தில் நாங்கள் கொடுத்த மனுவில் பணம் மூன்றாவது கோரிக்கைதான். முதல் கோரிக்கை, பழைய பெல்ட் உள்ள எல்லா வண்டிக்கும் சேசிஸ் நம்பர் வாரியாகக் கடிதம் அனுப்பி, செலவில்லாமல் பெல்ட்டையும் சல்லடையையும் சோதிக்க வேண்டும். இரண்டாவது, ஏ ஏன் சி ஆனது, எந்தத் தேதியில் ஆனது என்று எழுத்தில் பதில் வேண்டும்.

போன வாரம் ஒழுங்குமுறை அலுவலகத்தின் உத்தரவின்படி நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் பாகங்களைப் பார்வையிட வந்தார். மெக்கானிக் அண்ணனின் பட்டறையில், அலுவலகத்து அதிகாரி முன்னிலையில். என் குப்பியை மொத்தமாக எடுத்துப் போக அனுமதி கேட்டார். நான் மறுத்தேன். மருந்து ஆய்வாளர் கடைக்கு வந்து மாதிரி எடுத்தால் அதைப் பங்கு பிரித்து, முத்திரையிட்டு, ஒரு பங்கை எங்களிடமே விட்டுப் போவார். பிறகு முடிவில் சந்தேகம் வந்தால் அந்தப் பங்கு பேசும். அதே மாதிரி செய்யலாம் என்றேன். அதிகாரி சம்மதித்தார். துகளை மூன்றாகப் பிரித்தோம்: அலுவலகத்துக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று.

லேபிளில் பொருளின் விவரம் என்று ஓர் இடம் விட்டிருந்தேன். பொறியாளர் பேனாவை எடுத்து “வெளிப்பொருள்” என்று எழுதினார். ஐயா மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்துவிட்டு, மெதுவாகத்தான் கேட்டார்.

“தம்பி, வெளியிலிருந்துன்னா எந்த வழியா உள்ளே வந்திருக்கும்? நீங்களே காட்டுங்க.”

அவர் சேம்பரைப் பார்த்தார். பக்கத்தில் உறையில் கிடந்த பெல்ட்டைப் பார்த்தார், ஓரம் பிசிறிப் போய், தோல் உரிந்து கிடந்தது. அறையில் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த வார்த்தையின் மேல் ஒரு கோடு கிழித்து, கீழே “பெல்ட் ரப்பர்த் துகள்” என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். மற்ற இரண்டு குப்பியிலும் அதையே எழுதினார். எங்கள் பங்கை நான் இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். அடுத்த விசாரணை 19-ஆம் தேதி. 41 பேரில் 33 பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.